முக்கோண நிலத்துக்கு அடிப்பக்கம் எது?
கோத்தகிரிப் பக்கம் சரிவு நிலங்களை அளக்கும்போது, பலரும் கீழ் வரப்பைத்தான் அடிப்பக்கம் என்று பிடித்துக்கொள்கிறார்கள். அவசியமே இல்லை. முக்கோணத்தின் எந்தப் பக்கமும் அடிப்பக்கம் ஆகலாம். மிக நீளமான பக்கத்தை எடுங்கள். எதிர்முனையிலிருந்து வரும் செங்குத்துக் கோடு நிலத்துக்கு உள்ளேயே விழும். அந்தச் செங்குத்துத் தூரம்தான் உயரம், ஓர வரப்பின் நீளம் அல்ல. இங்கேதான் கணக்கு பெரும்பாலும் தவறுகிறது.

அடிப்பக்கம் 99 அடி, உயரம் 44 அடி என்றால் பெருக்கிப் பாதியாக்குங்கள்: 2,178 சதுர அடி, அதாவது 5 சென்ட்.

மலையில் இன்னொன்று. நாடாவைச் சரிவோடு படுக்கவைத்தால் அளவு கூடிவிடும்; நில அளவைக்குக் கிடைமட்டத் தூரமே கணக்கு. நாடாவை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, சிறிது சிறிதாக இறங்கி அளந்து கூட்டுங்கள்.