சர்வீஸ் கம்பெனியிலிருந்து ப்ராடக்ட் கம்பெனிக்கு: விண்ணப்பிக்கும் முன்னும் பின்னும்

இரண்டு மூன்று வருடம் சர்வீஸ் கம்பெனியில் (மற்ற கம்பெனிகளுக்கு மென்பொருள் வேலை செய்து கொடுக்கும் இடம்) வேலை பார்த்துவிட்டு, ப்ராடக்ட் கம்பெனிக்கு (சொந்த மென்பொருளை உருவாக்கும் இடம்) மாற நினைக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் விருதுநகர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் படித்து, கேம்பஸில் கிடைத்த வேலைக்காகச் சிறுசேரி வந்து, அங்கிருந்து பெருங்குடியில் இப்போது இருக்கும் கம்பெனிக்கு மாறியவள். ஜாவா, ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் என்று பேக்எண்ட் வேலை, அதாவது திரைக்குப் பின்னால் சர்வரில் ஓடும் பகுதி. எங்கள் டீமுக்கு ஆள் எடுக்கும்போது ரெஸ்யூமே பார்ப்பதும், முதல் டெக்னிக்கல் ரவுண்ட் எடுப்பதும் இப்போது என் பொறுப்பு.

கேள்வி கேட்கும் இடத்தில் உட்கார்ந்த பிறகு எனக்கு உறுதியாகப் பட்ட விஷயம் ஒன்று உண்டு. நன்றாக வேலை செய்த பலரும், தாங்கள் செய்ததைச் சொல்லத் தெரியாததால்தான் வாய்ப்பை விடுகிறார்கள். லீட்கோட் தளத்தில் கோடிங் பயிற்சிக் கணக்குகள் போடாததால் விடுகிறவர்களை விட இவர்கள் அதிகம். எனவே இதில் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும்.

ரெஸ்யூமேக்கு முன்னால் ஒரு நோட்டு

ரெஸ்யூமே டெம்ப்ளேட் தேடுவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முடித்த ஜிரா டிக்கெட்டுகள் (உங்களுக்கு ஒதுக்கிய வேலைகளின் பதிவுகள்), ரிலீஸ் மெயில்கள், அப்ரைசலுக்கு எழுதிக் கொடுத்தது எல்லாவற்றையும் ஆபீஸிலேயே ஒருமுறை திரும்பப் பாருங்கள். சோர்ஸ் கோட், கிளையன்ட் டேட்டா எதையும் வெளியே எடுத்துப் போகக் கூடாது. ஞாபகத்துக்கு வந்ததை உங்கள் சொந்த வார்த்தையில், தமிழிலேயே எழுதினால் போதும்.

என் கல்லூரி ஜூனியர் ஒருத்தி போன வருடம் ரெஸ்யூமே அனுப்பினாள். அவளுடைய மொத்த அனுபவமும் அதில் ஒரே வரியாக இருந்தது: “இன்ஷூரன்ஸ் டொமைன் அப்ளிகேஷனில் என்ஹான்ஸ்மென்ட், பக் ஃபிக்ஸிங் செய்தேன்.” இந்த வரி சென்னையில் பாதிப் பேர் ரெஸ்யூமேயில் இருக்கும். போன் போட்டுப் பேசினேன்.

“நீ கடைசியா வேலை பார்த்த பேட்ச் ஜாப், அதான் தானா ஓடுற அந்த ப்ரோகிராம், எதுக்கு ஓடுது?”

“ராத்திரி எல்லா க்ளெய்மையும் ப்ராசஸ் பண்றதுக்கு அக்கா. காலைல ஆபீஸ் திறக்குறதுக்குள்ள முடியணும். சில நாள் முடியாது.”

“ஏன் முடியல?”

“ஒவ்வொரு க்ளெய்முக்கும் பாலிசி விவரத்தைத் தனித்தனியா டேட்டாபேஸ்ல போய் எடுத்துட்டு இருந்துச்சு. நான் ஐநூறு ஐநூறா சேத்து எடுக்குற மாதிரி மாத்துனேன். சீக்கிரம் தேட பாலிசி நம்பர்ல ஒரு இண்டெக்ஸும் போட்டேன்.”

“அப்புறம்?”

“நாலு மணி நேரம் ஓடுனது முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிருச்சு.”

இதையெல்லாம் கண்டுபிடித்துச் செய்தவள் அவள். ரெஸ்யூமேயில் இதில் ஒரு சொல் கூட இல்லை. அந்த ஒரு வரியை இப்படி மாற்றினோம்: “இரவு நேர க்ளெய்ம் ஜாபில் ரெக்கார்டுக்கு ஒன்றாகப் போன குவெரிகளை 500 ரெக்கார்டுகளுக்கு ஒன்றாக மாற்றி, பாலிசி எண்ணுக்கு இண்டெக்ஸ் சேர்த்து, ஓடும் நேரத்தை 4 மணி நேரத்திலிருந்து 45 நிமிடமாகக் குறைத்தேன்.”

என்ன பிரச்சினை, நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது. ஒவ்வொரு வரியிலும் இந்த மூன்றும் இருக்க வேண்டும். எண் இல்லாவிட்டால் பரவாயில்லை, இட்டுக்கட்டி எழுதாதீர்கள். “பெர்ஃபார்மன்ஸை 40 சதவீதம் கூட்டினேன்” என்று ஒருவர் எழுதியிருந்தால் நான் கேட்கும் முதல் கேள்வியே “எதை வைத்து அளந்தீர்கள்?” என்பதுதான். அங்கே பதில் வராவிட்டால் மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

வடிவத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஐந்து வருடத்துக்குள் அனுபவம் என்றால் ஒரு பக்கம், பக்கத்தை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே நெடுவரிசை, பிடிஎஃப். போட்டோ, அப்பா பெயர், திருமண நிலை, பாஸ்போர்ட் எண், கடைசியில் “மேற்கண்டவை அனைத்தும் உண்மை” என்று ஊர், தேதி போட்டுக் கையெழுத்து ஆகிய எதுவும் தேவையில்லை. அந்த இடத்தில் இன்னொரு வேலையைப் பற்றி எழுதலாம். பிடிஎஃபில் உள்ள எழுத்தை முழுதாக காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் முன்பின்னாகக் கலைந்து வந்தால், கம்பெனியின் விண்ணப்ப மென்பொருளும் பெரும்பாலும் அப்படித்தான் படிக்கும்.

ஸ்கில்ஸ் பகுதியில் கேள்வி வந்தால் பத்து நிமிடம் பேச முடிகிறவற்றை மட்டும் போடுங்கள். கஃப்கா (ப்ரோகிராம்களுக்கு இடையே மெசேஜ் கடத்தும் மென்பொருள்) என்று எழுதியிருந்தால் பார்ட்டிஷன் என்றால் என்ன, ஒரே கன்ஸ்யூமர் குரூப்பில் பார்ட்டிஷனை விட கன்ஸ்யூமர் அதிகமானால் என்ன ஆகும் என்று கேட்பேன். மிஞ்சிய கன்ஸ்யூமர் சும்மா இருக்கும் என்று சொல்லத் தெரிந்தால் எழுதுங்கள். டீமில் யாரோ பயன்படுத்தினார்கள் என்பதற்காக எழுத வேண்டாம்.

எங்கே, எந்த வரிசையில்

முதலில் ரெஃபரல், அதாவது அந்தக் கம்பெனியில் இருக்கும் ஒருவர் உங்களைப் பரிந்துரைப்பது. அது கிடைக்காவிட்டால் கம்பெனியின் கரியர்ஸ் பக்கம். நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளம் பின்னணியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கட்டும். லிங்க்ட்இன்னில் ஒரே கிளிக்கில் விண்ணப்பிக்கும் வசதி இருப்பதால் ஒரே வேலைக்கு ஏராளமானோர் குவிகிறார்கள். அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

வரிசை முக்கியம் என்பதற்குக் காரணம் உண்டு. பல கம்பெனிகளில், நீங்கள் ஏற்கெனவே நேரடியாக விண்ணப்பித்திருந்தால் ரெஃபரலை சிஸ்டம் ஏற்காது. அதனால் முதலில் ஆளைத் தேடிக் கேளுங்கள், சில நாள் காத்திருங்கள், பதில் இல்லாவிட்டால் நேரடியாகப் போடுங்கள்.

ரெஃபரல் கேட்கத் தயங்குகிறவர்கள் நம் ஊர்ப் பக்கம் நிறைய. இது தயவு கேட்பது ஆகாது. அந்தக் கம்பெனிக்கு ஆள் தேவை, ரெஃபர் செய்தவருக்கு பெரும்பாலும் ஒரு தொகையும் கிடைக்கும். ஆனால் அவருக்கு வேலை வைக்காமல் கேட்க வேண்டும். வெறும் “ஹாய் சார்” என்று அனுப்பிவிட்டு பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. எனக்கு வந்ததில் நான் உடனே ரெஃபர் செய்த மெசேஜ் கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

“வணக்கம் அக்கா. நம்ம காலேஜ், 2021 பேட்ச், சிஎஸ்ஈ. மூணு வருஷமா ஜாவா பேக்எண்ட்ல இருக்கேன். உங்க கம்பெனில பேமென்ட்ஸ் டீமுக்கு ஆள் எடுக்கிறதைப் பார்த்தேன், ஜாப் ஐடி கீழே இருக்கு. இப்ப நான் பார்க்கிறதும் ரீஃபண்ட் மாட்யூல்தான். ரெஸ்யூமே இணைச்சிருக்கேன். சரின்னு பட்டா ரெஃபர் பண்ணுங்க, இல்லைன்னாலும் பரவாயில்லை அக்கா.”

ஜாப் ஐடி இருக்கிறது, ஏன் பொருத்தம் என்று ஒரு வரி இருக்கிறது, மறுக்க வழியும் இருக்கிறது. நான் செய்ய வேண்டியது ஃபார்மை நிரப்புவது மட்டும்தான்.

நௌக்ரியில் ஒன்றைக் கவனியுங்கள். ரெக்ரூட்டர்கள் நோட்டீஸ் பீரியடை (ராஜினாமா கொடுத்த பிறகு வேலை பார்க்க வேண்டிய நாட்கள்) வைத்து வடிகட்டித்தான் தேடுகிறார்கள். பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் அது வழக்கமாக 90 நாள். அதற்காக 15 நாள் என்று பொய்யாகப் போடாதீர்கள், ஆஃபர் நேரத்தில் அது தெரிந்துவிடும். கையில் ஆஃபர் இல்லாமலே பேப்பர் போட்டுவிட்டு (ராஜினாமா கொடுத்துவிட்டு) “நோட்டீஸில் இருக்கிறேன்” என்று போடுகிறவர்களும் உண்டு. அழைப்புகள் கூடுவது உண்மைதான். வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்களும் கடன் கட்டுகிறவர்களும் இதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். செக்யூரிட்டி டெபாசிட், ட்ரெய்னிங் ஃபீஸ், லேப்டாப் கொரியர் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது மோசடி. உண்மையான கம்பெனி வேலை தருவதற்குப் பணம் கேட்காது. எனக்குத் தெரிந்த ஒரு பையனிடம் “பேக்டோர் ஓப்பனிங்”, அதாவது இன்டர்வியூ இல்லாத குறுக்கு வழி வேலை என்று ஒரு கன்சல்டன்சி அப்பாவின் நகைக்கடன் பணத்தை வாங்கிக்கொண்டு போலி ஆஃபர் லெட்டர் கொடுத்தது. இப்படி ஏமாந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

டெக்னிக்கல் ரவுண்ட்

டேட்டா ஸ்ட்ரக்சர் கேள்விகளுக்கு அர்ரே, ஹேஷ் மேப், இரண்டு பாயின்டர், ஸ்லைடிங் விண்டோ, ட்ரீ, கிராஃப் என்ற வரிசையில் படியுங்கள். டைனமிக் ப்ரோகிராமிங்கில் தொடங்கி மனம் தளர்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். சென்னையில் தேடுகிறவர்கள் ஸோஹோ மாதிரி ரவுண்டுக்கும் தயாராக வேண்டும். ரயில் டிக்கெட் முன்பதிவு, டாக்ஸி புக்கிங் போன்ற ஒரு கன்சோல் அப்ளிகேஷனைச் சில மணி நேரத்தில் முழுதாக எழுதச் சொல்வதில் அவர்கள் பேர்போனவர்கள். இதற்கு லீட்கோட் மட்டும் உதவாது. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்கு ஒருவர் ரத்து செய்ததும் இடம் தானாகப் போகிறதா என்பது வரை நீங்களே ஓட்டிப் பார்த்துப் பழக வேண்டும்.

எங்கள் ரவுண்டில் நான் பாதி நேரத்தை ரெஸ்யூமேயில் உள்ள ஒரே ஒரு வரியில் செலவிடுவேன். மேலே சொன்ன அந்த வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். “ஏன் 500? ஏன் 5,000 இல்லை?” என்பது இயல்பாக வரும் கேள்வி. அந்த ஜூனியர் ஒரு இன்டர்வியூவில் இதே கேள்விக்கு, தாங்கள் பயன்படுத்தும் ஆரக்கிள் டேட்டாபேஸ் பதிப்பில் ஒரு குவெரியின் ‘இன்’ (IN) பட்டியலில் ஆயிரம் மதிப்புகளுக்கு மேல் போட முடியாது, அதற்குள் நிற்கவும் மெமரி ஏறாமல் இருக்கவும் ஐநூறு வைத்தோம் என்று பதில் சொன்னாள். புத்தகத்தில் படித்துவிட்டு இப்படிச் சொல்ல முடியாது. வேலையைத் தானே செய்தவருக்குத்தான் அது வரும். உங்கள் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு “ஏன்” கேட்டு, பதிலை நோட்டில் எழுதி வையுங்கள். வேறு என்ன வழி இருந்தது, அதை ஏன் எடுக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் பற்றி. நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். எனக்கு உதவிய முறையைச் சொல்கிறேன். செய்த வேலையை முதலில் தமிழில், ஐடி தெரியாத ஒருவருக்குப் புரியும்படி சொல்லிப் பாருங்கள். நான் சொன்னதை உட்கார்ந்து கேட்டவள் என் சொந்தத் தங்கை. அவளுக்குப் புரியாத இடமெல்லாம் எனக்கே தெளிவில்லாத இடம். தமிழில் நேராக வந்த பிறகு, அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக வாய்விட்டுச் சொல்லி போனில் பதிவு செய்து கேளுங்கள். இலக்கணப் பிழைக்காக நான் யாருக்கும் மதிப்பெண் குறைத்ததில்லை. கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள், யோசிக்க நேரம் வேண்டுமென்றால் சொல்லிவிட்டு யோசியுங்கள். என்ன நினைக்கிறீர்கள் என்று வெளியே சொல்லிக்கொண்டே கோட் எழுதுங்கள். தப்பான பாதையில் போனால் நானே ஒரு வார்த்தை சொல்லித் திருப்பிவிட அது இடம் கொடுக்கும். மௌனமாக எழுதுகிறவருக்கு எப்படி உதவுவது என்று எனக்குத் தெரிவதில்லை.

ஹெச்ஆர் பேசும்போது

இப்போதைய சிடிசி (கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை) என்ன, எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், நோட்டீஸ் எத்தனை நாள் என்ற மூன்றும் முதல் போனிலேயே வரும். எதிர்பார்ப்பைச் சொல்வதற்கு முன்னால் “இந்த லெவலுக்கு நீங்கள் வைத்திருக்கும் ரேஞ்ச் என்ன?” என்று மரியாதையாகக் கேளுங்கள். சிலர் சொல்வார்கள். இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள், பேஸ்லிப் கேட்பார்கள்.

ஆஃபர் வந்ததும் சிடிசியைப் பிரித்துப் பாருங்கள். 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மாதம் 50,000, வேரியபிள் (வேலைத்திறனைப் பொறுத்து வரும் தொகை) 10 சதவீதம். வேரியபிள் 1,20,000 கைக்கு வருமா என்பது வருடக் கடைசியில்தான் தெரியும். பேசிக்கில் 12 சதவீதம் கம்பெனியின் பிஎஃப் பங்கு, அது வருடத்துக்கு 72,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று பேசிக்கில் 4.81 சதவீதம், சுமார் 28,900. இவை மூன்றும் போனால் மாதம் சுமார் 81,600. உங்கள் பங்கு பிஎஃப் 6,000 பிடித்ததும் 75,600 அளவில் நிற்கும். வரி இருந்தால் அதுவும் போகும். ஜாயினிங் போனஸைச் சிடிசிக்குள் சேர்த்திருக்கிறார்களா, ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டுமா என்பதையும் ஆஃபர் லெட்டரில் தேடிப் படியுங்கள். வாயால் சொன்னது எதுவாக இருந்தாலும் மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கையெழுத்திட்ட ஆஃபர் வந்த பிறகே பேப்பர் போடுங்கள். முன்னதாக விடுவிக்க மேனேஜரிடம் கேட்கலாம், சில இடங்களில் மீதி நாளுக்குப் பணம் கட்டி வெளியே வரவும் விடுவார்கள். அதற்கான தொகையைப் புதிய கம்பெனி தருமா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

கடைசி நாளுக்கு முந்தைய வாரமே பேஸ்லிப்புகள், ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று), ஆஃபர் லெட்டர், அப்ரைசல் லெட்டர்களை இறக்கிச் சொந்த மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். லாகின் போனபின் அதற்காக அலைவது பெரும்பாடு. ரிலீவிங் லெட்டரில் பெயரும் தேதிகளும் சரியா என்று வாங்கிய அன்றே பாருங்கள், பின்னணிச் சரிபார்ப்பில் ஒரு நாள் வித்தியாசத்துக்கும் கேள்வி வரும். புதிய இடத்தில் பழைய யுஏஎன் எண்ணையே (உங்கள் நிரந்தர பிஎஃப் எண்) கொடுங்கள். பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாமல் விட்டால், கடைசிப் பங்களிப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து பிஎஃபை நிர்வகிக்கும் இபிஎஃப்ஓவின் தளத்தில் நீங்களே பதியலாம். அதன் பிறகு பழைய பிஎஃபைப் புதிய கணக்குக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.