காரைநகருக்குக் குடிவர நினைப்பவர்களுக்கு: காற்றைப் பார்த்து வெளிக்கிடுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் இருபத்தாறு வருடம் மாடிக் குடியிருப்பில் இருந்துவிட்டு 2015இல் நானும் மனைவியும் யாழ்ப்பாணக் குடாநாட்டை ஒட்டிய தீவான காரைநகருக்குத் திரும்பினோம். அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு சொந்தக்காரராவது தொலைபேசியில் கேட்கிறார்: "அங்கத்தை வெயில் தாங்கலாமோ?" வெயிலுக்கு விறாந்தை இருக்கிறது. எங்கள் ஊரில் நாளையும் வருடத்தையும் நடத்துவது காற்று. எந்த மாதம் எந்தப் பக்கத்தால் வீசும் என்று பிடிபட்டுவிட்டால் கடலில் குளிப்பது, சைக்கிள் உழக்குவது, எந்த அறையில் பாய் விரிப்பது எல்லாம் தன்பாட்டில் சரிவரும்.

ஆனால் முதலில் கிணறு. காணி பார்க்க வருகிறவர்கள் மார்கழி, தை லீவில் வருகிறார்கள். அப்போது எல்லாக் கிணறும் நிரம்பியிருக்கும், குடித்தால் இனிக்கும். அதை நம்பிக் காசு கட்டாதீர்கள். ஆவணியில் வந்து அதே கிணற்றில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை நிலத்துக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நல்ல தண்ணீராக மிதந்து நிற்கிறது. எங்கள் பக்கம் அந்தப் படை மிக மெல்லிசு. நான் வந்த புதிதில் மோட்டரைப் பூட்டி வாழைக்கு இரண்டு மணித்தியாலம் ஒரே இழுவையாக இறைத்தேன். ஆனி மாதம் தேத்தண்ணீர் உப்புக் கரித்தது. பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, நல்ல கிணத்தைக் குழப்பிப்போட்டாய்" என்றார். இரண்டு மாரி போனபிறகுதான் தண்ணீர் பழைய நிலைக்கு வந்தது. இப்போது காலையில் பத்து நிமிடம், பின்னேரம் பத்து நிமிடம், அவ்வளவுதான்.

குடிக்க மழைநீர் பிடியுங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 2,000 லீற்றருக்கு மேல் வரும். முதல் மழை கூரையையும் பீலியையும் கழுவிக்கொண்டு போகட்டும், பிறகு தொட்டிக்குத் திருப்புங்கள். தொட்டி வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டவேண்டும். குடிக்குமுன் கொதிக்கவைக்கவும் வேண்டும்.

பழைய ஓட்டு வீடு கிடைத்தால் இடிக்க அவசரப்படாதீர்கள். என் மைத்துனர் மேற்குப் பக்கம் கொங்கிறீட் தட்டுப் போட்டு ஓர் அறை கட்டினார். பகல் முழுக்கக் குடித்த சூட்டை அது இரவு பத்து மணிவரை கீழே கக்கும். வளவில் தென்னோலைக் கிடுகால் வேய்ந்த கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டால் மத்தியானம் முழுக்க அதற்குள் இருக்கலாம். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுப்பகுதியிலும் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்த நாட்களில் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் வெளியே அலைகிறவர் ஒன்றில் வெளியூர்க்காரர், அல்லது கடனுக்கு ஒளிக்கிறவர்.

வைகாசியிலிருந்து ஆவணி வரை சோளகம். தென்மேற்கிலிருந்து வரும் காற்று, பின்னேரத்தில் ஆளைத் தள்ளும். எங்கள் ஊர்க் கசூரினா கடற்கரை வடக்குப் பார்த்தது. சோளகத்துக்கு முதுகு காட்டி இருப்பதால் அந்த மாதங்களில் கடல் குளம்போல் கிடக்கும். நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். விடிய ஆறரைக்குப் போனால் சவுக்கு மர நிழலும் கடலும் உங்களுடையவை. சனி, ஞாயிறும் நல்லூர்த் திருவிழாக் காலமும் வேண்டாம். ஒன்று கவனம்: அந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசுகிறது. காற்றடைத்த டியூப், பந்து எதையும் பிள்ளைகளிடம் கொடுத்துத் தண்ணீரில் விடாதீர்கள். என் பேரனின் டியூப் ஐந்து நிமிடத்தில் புள்ளியாகிவிட்டது. நல்லகாலம், அவன் அதற்குள் இருக்கவில்லை.

சைக்கிளுக்கு, ஊரைக் குடாநாட்டோடு இணைக்கும் பொன்னாலைப் பாலம். கடலை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு நேராக ஓடும் தெரு, மரமே கிடையாது. சோளகத்தில் ஊரிலிருந்து பொன்னாலைக்குப் போவது மிதப்பதுபோல் இருக்கும். அந்தச் சுகத்தில் இன்னும் தூரம் போனால் திரும்பும்போது முழங்கால் பழிவாங்கும். அதனால் சோளகத்தில் விடிய ஏழு மணிக்குள் திரும்பிவிடுவேன். மழைக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்றில் கணக்குத் தலைகீழ்: போகும்போது முக்கி, வரும்போது மிதந்து வரலாம்.

நீண்ட ஓட்டத்துக்கு மாசி, பங்குனிதான் நல்லது. காற்று ஓய்ந்திருக்கும், வெயிலும் இன்னும் ஏறியிராது. காரைநகரிலிருந்து 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் சைக்கிளோடு ஏறிப் பக்கத்துத் தீவிலுள்ள ஊர்காவற்றுறைக்குப் போகலாம். வழியில் கடலுக்கு நடுவே கடற்கோட்டை தெரியும். அங்கிருந்து வேலணை, சாட்டிக் கடற்கரையில் ஒரு முழுக்கு, பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம், பிறகு வட்டுக்கோட்டை, பொன்னாலை, வீடு. எனக்கு அரைநாளுக்கு மேல் பிடித்தது. பாதை ஓடுகிறதா என்று முதல்நாளே விசாரியுங்கள். தண்ணீர்ப் போத்தல் இரண்டு, தொப்பி, ரயர் ஒட்டும் சாமான் கட்டாயம்.

ஐப்பசி, கார்த்திகையில் வருடத்து மழையில் பெரும்பங்கு கொட்டித் தீர்த்துவிடும். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தை ஊரில் இன்னும் கதைக்கிறார்கள். காணி வாங்குமுன் அயலில் கேளுங்கள், நிஷாவுக்கு இந்த முற்றத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று. கையால் அளந்து காட்டுவார்கள். மழைக்குப் பின்னால் டெங்கு வரும், சிரட்டை, பழைய ரயர் ஒன்றையும் வளவில் விடாதீர்கள். பெரிய வைத்தியத்துக்கு யாழ்ப்பாண நகருக்குத்தான் போகவேண்டும், ஏறக்குறைய 20 கிலோமீற்றர். அவசர அம்புலன்ஸ் வண்டிக்கு அழைக்கவேண்டிய இலக்கம் 1990.

மழை விட்டதும் வாடை தொடங்கும். கசூரினாவில் அலை எழும்பும், குளிப்பை விட்டுவிட்டுப் பாலத்தடிக்குப் போங்கள். களப்பில் வலசைப் பறவைகள் மேயும், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டமும். தை மாதம் பெடியள் பட்டத்தில் காற்றுக்கு ஒலியெழுப்பும் விண் பூட்டி ஏற்றி, இரவிலும் இறக்காமல் மரத்தில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். விடியவிடிய அது கூவும். முதல் வருடம் நான் மூன்று இரவு நித்திரை கொள்ளவில்லை. யன்னலைச் சாத்தினால் காற்று வராது, பெடியளோடு சண்டைக்குப் போனாலும் சரிவராது. காதுக்குப் பஞ்சு வாங்கி வையுங்கள்.