அமைச்சரின் பதிலை வாசிக்கும் முறையும், அடுத்த கேள்வியை எழுதும் முறையும்

வடக்கின் வீதிகள், துறைமுகம், மூடிக் கிடக்கும் ஆலைகள் பற்றி அமைச்சர் ஒருவர் பதிலளித்த செய்தி பத்திரிகையில் வந்தால், மலையகத்தின் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்து வாசிக்கும் நமக்கு முதலில் தோன்றுவது, "அவர்களுக்குக் கிடைக்கிறது, நமக்கு ஏன் இல்லை?" என்பதுதான். அந்த எண்ணத்தோடு மட்டும் கூட்டத்திற்குப் போனால் வாயிலிருந்து வருவது முறைப்பாடாகவே இருக்கும். முறைப்பாட்டுக்கு எந்த அமைச்சரிடமும் ஆயத்தமான பதில் உண்டு. ஆகவே வடக்குக்குக் கொடுக்கப்பட்ட பதிலை முதலில் சரியாக வாசிக்கப் பழகுவோம். நம் கேள்வியை எழுதும் முறை அதிலிருந்தே பிடிபடும்.

பதிலில் இடத்தின் பெயரையும் தொகையையும் பார்ப்பதற்கு முன் வினைச்சொல்லின் கீழ் கோடிடுங்கள். "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது", "ஆய்வு நடைபெறுகிறது", "அமைச்சரவை அங்கீகரித்தது", "நிதி ஒதுக்கப்பட்டது", "நிதி விடுவிக்கப்பட்டது", "வேலை ஆரம்பமானது" ஆகியவை ஆறு வெவ்வேறு படிகள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக ஆண்டுகள் ஆகலாம். முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்துக்கு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது அது நான்காவது படி. நம் நாட்டின் நிதியாண்டு டிசம்பர் 31 உடன் முடிகிறது. அதற்குள் செலவிடப்படாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். எனவே ஒதுக்கீட்டுச் செய்தியை வாசித்ததும் கேட்க வேண்டியது, இன்றுவரை எவ்வளவு விடுவிக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்பதையே.

"திறக்கப்பட்டது" என்ற சொல்லிலும் இதே கவனம் வேண்டும். பலாலி விமான நிலையம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. 2020 இல் பெருந்தொற்றோடு நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் "திறக்கப்பட்டதா?" என்று கேட்டிருந்தால் ஆம் என்ற பதில் பொய்யாக இருந்திருக்காது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இன்னும் நல்ல பாடம். கோஸ்டிக் சோடாவும் குளோரினும் உற்பத்தி செய்த அந்த ஆலை யுத்தத்தில் நின்றுபோன பிறகும், அதே பெயரிலான நிறுவனம் நீண்ட காலம் குளோரினை இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்தது. "நிறுவனம் இயங்குகிறதா?" என்ற கேள்விக்கு அங்கே ஒரு பதில், "பரந்தனில் உற்பத்தி நடக்கிறதா?" என்பதற்கு வேறு பதில். 1950 இல் உற்பத்தி தொடங்கி யுத்தத்தில் மூடப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை பற்றியும் எத்தனையோ பதில்கள் வந்துவிட்டன. அவற்றை வரிசையாக வைத்து வினைச்சொற்களை மட்டும் ஒப்பிட்டாலே எது நகர்ந்தது, எது நகரவில்லை என்பது தெரியும்.

இனி நம் பக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரதேச செயலக மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தேன். தோட்டத்து இளைஞர் ஒருவர் எழுந்து, "சார், எங்க ரோட்ட எப்ப போட்டுத் தருவீங்க?" என்றார். மேடையிலிருந்து, "தம்பி, அத கவனத்துல எடுத்திருக்கோம்" என்று பதில் வந்தது. கைதட்டல் எழுந்தது, தேநீரும் வந்தது. எனக்குப் பக்கத்திலிருந்த அக்கா, கொழுந்துக் கறை படிந்த விரலால் கோப்பையைத் துடைத்தபடி, "போன எலெக்சன்லயும் கவனத்துலதான் எடுத்தாங்க" என்றார். அந்தப் பாதை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதைக் கேட்டவரும் சொல்லவில்லை, பதிலளித்தவரும் சொல்லவில்லை. பிறகு விசாரித்தபோது, மேடையில் இருந்த எவருடைய பதிவேட்டிலும் அது இல்லை என்று தெரிந்தது.

மலையகத்தில் கேள்வி தவறும் இடம் பெரும்பாலும் இதுதான். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா போகும் ஏ-7 வீதிக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை பொறுப்பு. யாழ்ப்பாணம் போகும் ஏ-9 கூட நம் கண்டியில்தான் தொடங்குகிறது. அதற்கும் அதே அதிகார சபைதான். ஆனால் பிரதான வீதியிலிருந்து லயத்துக்கும் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) ஸ்டோருக்கும் (தேயிலைத் தொழிற்சாலை) இறங்கும் பாதை மாகாணத்தினதா, பிரதேச சபையினதா, தோட்டக் கம்பனியினதா என்பதைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்கு நெடுங்காலம் தடையாக இருந்தது; 2018 இல் அது திருத்தப்பட்டது. "தோட்டத்துக்குள் எங்களால் செய்ய முடியாது" என்று இன்றும் யாராவது சொன்னால், திருத்தத்துக்குப் பின் எந்த விதியின் கீழ் முடியாது என்று அமைதியாகக் கேட்கலாம். "அது கம்பனி விடயம்" என்பதும் முழுப் பதில் ஆகாது. 1992 இல் கம்பனிகளிடம் கைமாறியது முகாமைத்துவம், பின்னர் குத்தகை உரிமை. நிலத்தின் உரிமை அரசிடமே இருக்கிறது. குத்தகைக்குக் கொடுத்தவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

கேள்வியை எழுதும்போது பாராளுமன்றத்தின் வாய்மூல வினாக்களின் அமைப்பைப் பின்பற்றுவது நல்லது. அவை (அ), (ஆ) என்று பிரிந்து, கடைசியில் "இன்றேல், ஏன்?" என்று முடியும். அந்த இரண்டு சொற்களை விட்டுவிடாதீர்கள். "இல்லை" என்று மட்டும் சொல்லித் தப்பிக்கும் வழியை அவைதான் அடைக்கின்றன. அந்த இளைஞரின் கேள்வியை நான் இப்படி எழுதுவேன்: (அ) கீழ்ப் பிரிவு லயங்களிலிருந்து பிரதான வீதி வரையான பாதை எந்த நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ளது? (ஆ) அதற்கென இவ்வாண்டு ஒதுக்கப்பட்ட தொகை, விடுவிக்கப்பட்ட தொகை, செலவான தொகை ஆகியவை எவை? (இ) வேலை ஆரம்பிக்கும் திகதி எது? (ஈ) இன்றேல், ஏன்? மூடப்பட்ட ஸ்டோர் பற்றிய கேள்வியானால் "திறப்பீர்களா?" என்று கேட்க வேண்டாம், பரந்தனை நினைவில் வைத்து, அங்கே என்ன உற்பத்தியாகும், எத்தனை பேருக்கு வேலை, கொழுந்து எங்கிருந்து வரும் என்று கேளுங்கள்.

இதை ஒரே தாளில் எழுதி, கூட்டத்தில் வாசிப்பதோடு நிறுத்தாமல், உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரிடமும் கொடுங்கள். அவர் அதைச் சபையில் கேட்டால் பதில், பாராளுமன்ற உரைகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்டில் இடம்பெறும். ஹன்சார்டில் உரைகள் பேசப்பட்ட மொழியிலேயே அச்சாவதால் அமைச்சரின் பதில் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். பத்திரிகைச் சுருக்கத்தை நம்பாமல், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு மூலத்தைப் பாருங்கள். வினைச்சொல் மாறிப்போவது பெரும்பாலும் அந்தச் சுருக்கத்தில்தான்.

எவரும் கேட்க முன்வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதே தாளை உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே கொடுக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை. கையளித்த தாளுக்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் படியிறங்காதீர்கள். தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்துக்கு 14 வேலை நாட்கள். பதில் இல்லாவிட்டாலோ மறுக்கப்பட்டாலோ, அடுத்த 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம்; அதன் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழு. தீர்மானத்துக்கான 14 வேலை நாட்களை எண்ணும்போது சனி, ஞாயிறோடு போயா போன்ற பொது விடுமுறைகளையும் கழித்துவிடுங்கள்.