அமெரிக்கன் கேம்ப் வேலைக்குப் போகிற தம்பிகளுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மாதத்துக்கு இரண்டு பேராவது வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, அமெரிக்கன் கேம்புக்கு எப்படிண்ணே போறது?" என்று ஆரம்பிப்பார்கள். கேம்ப் என்றால் வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்க ராணுவத் தளம். ஆப்கானிஸ்தானில் பக்ராம் தளத்தில் நாலு வருஷம், குவைத்தில் கேம்ப் அரிஃப்ஜானில் ஏழு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது ராணுவ வேலை இல்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீடு சொல்தா வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த தாத்தா. நவம்பர் 11 வந்தால் மெடலைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலை போர் நினைவுச்சின்னத்துக்குக் கிளம்பிவிடுவார். நான் பக்ராமிலிருந்து லீவில் வந்திருந்தபோது, "நீயும் சொல்தாவா?" என்றார். வயர்மேன் தாத்தா என்றேன். "பென்ஷன் உண்டா?" இல்லை. "மெடல்?" அதுவும் இல்லை. "அப்புறம் எதுக்குடா போனே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கான்ட்ராக்ட் தொழிலாளி என்றால் இதுதான். கான்ட்ராக்ட் முடிந்தால் டிக்கெட், அவ்வளவுதான்.

அமெரிக்க ராணுவம் சமையல், லாண்டரி, ஏசி, ஜெனரேட்டர், கிடங்கு போன்ற வேலைகளைத் தனியார் கம்பெனிகளிடம் விடுகிறது. இதற்கு லாக்கேப் என்று ஒரு ஏற்பாடு, 1985 முதல் இருக்கிறது. 2019-ல் ஐந்தாவது சுற்று கான்ட்ராக்ட் கேபிஆர், ஃப்ளூர், வெக்ட்ரஸ், பிஏஇ ஆகிய நாலு கம்பெனிகளுக்குப் போனது. வெக்ட்ரஸ் 2022-ல் இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து வி2எக்ஸ் ஆகிவிட்டது. இவர்களுக்குக் கீழே சப்-கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே ஆள் பிடிக்கும் ஏஜென்ட், அவருக்கும் கீழே நம்ம ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் சப்-ஏஜென்ட். நாம் ஏறுவது இந்த ஏணியின் கடைசிப் படியில். கம்பெனிகளின் இணையதளத்தில் வேலை தேடும்போது ஓசிஎன் அல்லது டிசிஎன் என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். வேறு நாட்டு ஆள் என்று அர்த்தம். செக்யூரிட்டி கிளியரன்ஸ் வேண்டும் என்று இருந்தால் அது அமெரிக்கக் குடிமக்களுக்கு, விட்டுவிடுங்கள்.

நான் போன வழியை யாரும் பின்பற்ற வேண்டாம். 2010-ல் ஒரு சப்-ஏஜென்டிடம் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 1,20,000 ரூபாய் கொடுத்தேன். "விசிட் விசாவில் துபாய் போங்க, அங்கே மாத்திக்கலாம்" என்றார். துபாயில் ஒரு அறைக்குள் 14 பேர், 41 நாள். சாப்பாட்டுக்கு ஊரிலிருந்துதான் பணம் வந்தது. பக்ராம் போய்ச் சேர்ந்தபோது சொன்ன சம்பளத்தில் முக்கால்வாசிதான் பேப்பரில் இருந்தது. அந்தக் கடனை அடைக்க முதல் வருஷச் சம்பளத்தில் பாதி போனது.

பிறகுதான் சட்டம் தெரிந்தது. இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் 1983-இன்படி பதிவு பெற்ற ஏஜென்ட் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். கூட்டினால் 35,400. ஆனால் அமெரிக்க அரசு கான்ட்ராக்டில் இதைவிடக் கடுமையான விதி உண்டு: வேலைக்கு எடுப்பதற்காகத் தொழிலாளியிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கக் கூடாது. 2015-இல் இந்த விதிகளை இன்னும் இறுக்கினார்கள். அந்த வருஷம்தான் அரிஃப்ஜான் போனேன், டீச்செலவைத் தவிர வேறு செலவில்லை. ஆகவே யாராவது "கேம்ப் வேலை, ரெண்டு லட்சம் ஆகும்" என்றால், ஒன்று அந்த வேலையே இல்லை, அல்லது அவர் கம்பெனிக்குத் தெரியாமல் வாங்குகிறார். இரண்டிலும் நஷ்டம் நமக்குத்தான்.

ஏஜென்டைச் சோதிக்க இந்திய அரசின் இமைக்ரேட் இணையதளம் போதும். பதிவு எண்ணைக் கேளுங்கள், அங்கே போட்டுப் பாருங்கள். செல்லுபடியாகிறதா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா, ரத்தா என்று காட்டும். அதில் இருக்கும் முகவரிக்கு நேரில் போங்கள். போன மாதம் ஒரு பையன் கொண்டுவந்த ஆஃபர் லெட்டரில் எண் உண்மையானதுதான், ஆனால் முகவரி வேறு, மெயில் ஜிமெயில். வேறொருவர் எண்ணை எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

பத்தாவது பாஸ் என்றால் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் இருக்காது. வேலைக்கு வெளிநாடு போக அரசின் அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) வேண்டும் என்ற குறிப்பு அது. எட்டாவதோடு நிறுத்தியவர்கள் பாஸ்போர்ட்டில் அது இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால், குவைத், கத்தார், ஈராக் உள்பட 18 நாடுகளுக்கு எமிக்ரேஷன் கிளியரன்ஸ் இல்லாமல் விமானம் ஏற முடியாது. கூடவே பிரவாசி பாரதிய பீமா என்ற காப்பீடு போடுவார்கள், இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், விபத்தில் இறந்தால் 10 லட்சம். புதுசாக ஐடிஐ முடித்தவரைக் கேம்பில் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். முதலில் வளைகுடாவில் இரண்டு வருஷ அனுபவம் இருந்தால் நல்லது. அதற்கு 1978-லிருந்து நடக்கும் தமிழ்நாடு அரசின் ஓஎம்சி என்ற, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்தில் பதிவு செய்து வையுங்கள்.

இனி டிரேட் டெஸ்ட், அதாவது வேலை தெரியுமா என்று செய்யச் சொல்லிப் பார்க்கும் தேர்வு. என்னுடையது சென்னையில், ஒரு ஷெட்டுக்குள். பலகையில் டிபி (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), அதிலிருந்து ஐந்து வயர் தொங்கியது: கறுப்பு, சிவப்பு, நீலம், வெள்ளை, பச்சை. நியூட்ரலைக் காட்டு என்றார் அமெரிக்க ஃபோர்மேன். நம் ஊரில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். கை தானாகக் கறுப்புக்குப் போனது. அவர் ஆங்கிலத்தில் "நீ செத்துட்டே" என்று சொல்லிச் சிரித்தார். அவர்களுக்குக் கறுப்புதான் ஃபேஸ், வெள்ளைதான் நியூட்ரல். எனக்கு வேர்த்துவிட்டது. சரி, போச்சு என்று நினைத்துக்கொண்டே பழக்கத்தில் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தேன். தொடுவதற்கு முன்னால் அளந்து பார்ப்பேன் என்றேன். அதற்குத்தான் மார்க் போட்டார் என்று பின்னால் தெரிந்தது.

மற்ற கேள்விகளில் பெரும்பாலும் எர்த்திங். 2008 ஜனவரியில் பாக்தாதில் ஒரு தளத்தில், எர்த் சரியில்லாத தண்ணீர் பம்பால் ஷவரில் குளித்துக்கொண்டிருந்த சிப்பாய் ஷாக் அடித்து இறந்தார். அதன் பிறகு அங்கே தளங்களின் வயரிங்கை எல்லாம் சோதித்தார்கள். அமெரிக்க சப்ளை 120/208 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் 50 ஹெர்ட்ஸில் நிமிஷத்துக்கு 1500 சுற்று என்று கணக்குப் போடும் நாலு துருவ (போல்) மோட்டாருக்கு அங்கே 1800. இதையும் கேட்பார்கள். சுவிட்சை அணைத்து, யாரும் போடாதபடி பூட்டுப் போட்டு டேக் கட்டிவிட்டுத்தான் வேலை தொடங்குவேன் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தப் பேப்பரைக் கிளம்புவதற்கு 5 நாள் முன்னால் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க விதியில் வரும் கணக்கு அது. ஏர்போர்ட்டில் கையெழுத்து வாங்குகிறவரை நம்பாதீர்கள். எந்த நாடு, எந்தத் தளம், எத்தனை மணி நேரம், திரும்பி வர டிக்கெட் யார் செலவு, மேலே இருக்கும் பெரிய கம்பெனி எது, இவை எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்ன எதுவும் பாலைவனத்தில் செல்லாது.

அப்புறம் டிபிஏ. பெரும்பாலான பையன்கள் இந்தப் பெயரையே கேட்டதில்லை. டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட், 1941-இல் வந்த அமெரிக்கச் சட்டம். தளத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்பவருக்கு அடிபட்டாலோ இறந்தாலோ இழப்பீடு, எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், எத்தனையாவது சப்-கான்ட்ராக்டரின் ஆளாக இருந்தாலும். 30 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஒரு வருஷத்துக்குள் இழப்பீடு கேட்கும் எல்எஸ்-203 படிவம் போட வேண்டும். பண்ருட்டிக்காரர் ஒருவருக்கு லாண்டரி மெஷினில் இரண்டு விரல் போனது. கட்டுப் போட்டு ஊருக்கு அனுப்பி, இதோடு முடிந்தது என்றார்கள். பேட்ஜ் நகலும் கிளினிக் சீட்டும் அவரிடம் இருந்ததால், எட்டாவது மாதம் அவர் மருமகன் படிவத்தை நிரப்பி அனுப்பினான். பணம் வந்தது.

ஒப்பந்தம், பாஸ்போர்ட், விசா, காப்பீட்டுக் கம்பெனியின் பெயர், எல்லாவற்றுக்கும் ஒரு நகல் செட் வீட்டில் இருக்கட்டும். என்னுடையது பீரோவில் ரேஷன் கார்டு கவருக்குள் இருந்தது. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மனைவியை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். டிபிஏ தாள் வந்ததும், அது ஒன்றுமில்லை என்று மடித்து உள்ளே வைத்துவிட்டேன். இப்போது கடைக்கு வரும் தம்பிகள் கல்யாணம் ஆனவர்கள் என்றால், அடுத்த தடவை வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன்.