கிராம்பு எண்ணெயும் பாக்டீரியாத் தட்டும்: என் ஆய்வக அனுபவம்

இளங்கலை மாணவர்களுக்கு இயற்கை விளைபொருள் வேதியியலைக் கற்பிக்கையில், பிரித்தெடுத்த பொருளின் எடையைக் குறித்ததுமே அவர்களுடைய ஆர்வம் வடிந்துவிடுவது என்னை நெடுநாள் உறுத்தியது. ஆகவே, கிராம்பிலிருந்து அதன் எண்ணெயின் முக்கியப் பொருளான யூஜெனாலை எடுக்கும் வழக்கமான பயிற்சியை நுண்ணுயிரியல் சோதனையோடு இணைத்தேன். 254 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் யூஜெனால், நீராவியுடன் சேரும்போது 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே வடிந்து வருவதையும், வலுக்குறைந்த அமிலத்தன்மை கொண்ட பீனால் வகைச் சேர்மம் என்பதால் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்குள் சென்று, அமிலம் சேர்த்ததும் பால்போலக் கலங்கி எண்ணெய்த் துளிகளாக மீள்வதையும் மாணவர்கள் கண்ட பிறகே பாக்டீரியாத் தட்டுக்குச் சென்றோம்.

சிக்கல் அங்கேதான் எழுந்தது. எத்தனாலில் கரைத்த யூஜெனாலைக் காகித வில்லைகளில் இட்டுத் தட்டில் வைத்தபோது, ஒப்பீட்டுக்காக எத்தனால் மட்டும் இட்ட வில்லையைச் சுற்றியும் பாக்டீரியா வளராத வட்டம் தெரிந்தது. வில்லைகளை முழுவதுமாக உலரவிட்டு வைத்ததும் அது மறைந்தது. ஆனாலும், யூஜெனால் நீரில் அரிதாகவே கரைவதால் தட்டில் நிரப்பிய கூழான அகாரில் எளிதில் பரவாது. வட்டத்தின் அகலத்தை மட்டும் கொண்டு அதன் வீரியத்தை மதிப்பிடுவது சரியன்று. எனவே, எண்ணெயை நீரில் கலக்கச் செய்யும் ட்வீன் 80 சிறிதளவு கலந்த திரவ ஊடகத்தில் செறிவைப் படிப்படியாகப் பாதியாக்கி, வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவைக் காணச் செய்தேன். ஒப்பீட்டுக்காக, யூஜெனால் இன்றி ட்வீன் மட்டும் கொண்ட குழாயும் உடன் இருந்தது.

யூஜெனாலின் ஹைட்ராக்சில் (OH) தொகுதியை மறைத்தால் என்ன ஆகும் என்று மாணவர்களே கேட்டது எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. அசிட்டிக் அன்ஹைட்ரைடு கொண்டு எஸ்டராக்கி, அகச்சிவப்பு நிறமாலையில் அகன்ற ஹைட்ராக்சில் பட்டை நீங்கியதை உறுதிசெய்த பின், இரண்டு சேர்மங்களையும் ஒரே வரிசையில் சோதித்து, முடிவுகளை ஒரே குறிப்பேட்டில் எழுதினார்கள். அதை இரு துறை ஆசிரியர்களும் சேர்ந்தே திருத்துகிறோம்.