ஸ்க்ராட்சில் தாயம் உருட்டும்போது: குழந்தைகளுக்கு நிகழ்தகவு சொல்லித் தருவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்ணன் மகளுக்குப் பதினோரு வயது. கோடை விடுமுறையில் அவளும் நானும் சேர்ந்து ஸ்க்ராட்சில் (வண்ணக் கட்டளைப் பிளாக்குகளை அடுக்கியே குழந்தைகள் கம்ப்யூட்டர் நிரல் எழுதும் மென்பொருள்) தாயம் ஆட்டம் செய்தோம். இரண்டு பித்தளைக் கட்டைகளையும் அவளே வரைந்தாள். கட்டை உருளும் சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்து சேர்த்தாள். விழக்கூடிய எண்கள் 1, 2, 3, 4, 5, 6, 12 என மொத்தம் ஏழு. ஏழையும் ஒரு லிஸ்டில் போட்டு, ரேண்டமாக ஒன்றை எடுக்கும்படி பிளாக்குகளை அடுக்கினோம். என் அம்மா பத்து நிமிஷம் ஆடிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டி, இதுல பன்னெண்டு இப்படிக் கொட்டுது? நெஜக் கட்டையில இப்படி விழாதே!"

அம்மா சொன்னதுதான் சரி. கட்டைக்கு நான்கு பக்கம்: ஒன்று வெறும் பக்கம், மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டையும் சேர்ந்தால் 16 விதமாக விழலாம். இரண்டிலும் வெறும் பக்கம் வந்தால்தான் 12. அதற்கு 16-ல் ஒரே வழி. மூன்று விழ நான்கு வழி இருக்கிறது. எங்கள் லிஸ்டோ எல்லா எண்ணுக்கும் ஏழில் ஒரு பங்கு கொடுத்துவிட்டது. அதனால் 12 இரண்டு மடங்குக்கும் மேலாக விழுந்தது. தாயம், அதாவது 1, மட்டும் ஏறக்குறைய சரியாகவே வந்தது (16-ல் 2, அதாவது எட்டில் ஒன்று). தாயத்தையே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தவறு தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

நான் பார்த்தவரை பெரியவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்: விடைகள் எத்தனை என்று எண்ணியதும் நின்றுவிடுகிறோம். ஒவ்வொரு விடையும் எத்தனை வழியில் வருகிறது என்று குழந்தை எழுதிப் பார்ப்பதில்லை. தரையில் சாக்பீஸால் நாலுக்கு நாலு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் கூட்டுத்தொகையை எழுதச் சொல்லுங்கள். மூன்று என்ற எண் கட்டத்தின் குறுக்கே மூலைவிட்டமாக ஓடுவதை அவர்களே பார்ப்பார்கள். அதன்பின் நிரலைத் திருத்துவது சுலபம்: 0 முதல் 3 வரை இரண்டு முறை தனித்தனியாக ரேண்டம் எண் எடுத்துக் கூட்ட வேண்டும், கூட்டினால் பூஜ்யம் வந்தால் அது 12.

அடுத்தது, கொஞ்சமாக உருட்டிவிட்டு முடிவுக்கு வருவது. 16 முறை உருட்டினால் 2 தாயம் விழ வேண்டும் என்று சொல்லிவிட்டு உருட்டினால் குழந்தை ஏமாந்துபோகும். 100 பேர் ஆளுக்கு 16 முறை உருட்டினால், சுமார் 12 பேருக்கு ஒரு தாயம்கூட விழாது. 1600 முறை உருட்டச் சொல்லுங்கள். ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு பச்சைக் கொடியைத் தட்டினால் ஸ்க்ராட்ச் டர்போ வேகத்தில் ஓடும். தாயம் 200-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சரியாக 200 வராததையும் விளக்கம் சொல்லி மழுப்பாமல் அப்படியே காட்டுங்கள்.

"ரொம்ப நேரமா விழல, இப்ப விழுந்துடும் பாரு" என்று குழந்தை சொல்லும்போது, அது தப்பு என்று உடனே சொல்லத் தோன்றும். பொறுங்கள். தொடர்ந்து எட்டு முறை தாயம் விழாத பிறகு வரும் உருட்டலை மட்டும் தனியாக எண்ணுகிற ஒரு வேரியபிள் (நிரல் ஒரு எண்ணைப் போட்டு வைத்துக்கொள்ளும் பெயரிட்ட பெட்டி) வைக்கச் சொல்லுங்கள். சில ஆயிரம் முறை ஓட விட்டால் அங்கேயும் எட்டில் ஒன்றுதான் வரும். கட்டைக்கு ஞாபகம் கிடையாது என்பதைத் தன் கையால் எழுதிய நிரல் சொன்னால் குழந்தை நம்பும்.

படம் வரையும் நிரல்களில் வேறொரு சறுக்கல் உண்டு. சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று 900 பூக்கள் கொண்ட தோட்டம், மூன்று நிறமும் சமமாக வர வேண்டும். குழந்தை இப்படி எழுதும்: 1 முதல் 3 வரை ரேண்டம் எண் எடு, 1 என்றால் சிவப்பு, இல்லையென்றால் மறுபடி ரேண்டம் எண் எடு, 2 என்றால் மஞ்சள், அதுவும் இல்லையென்றால் வெள்ளை. படிக்கும்போது சரியாகத்தான் தோன்றும். ஓட்டினால் சிவப்பு 300, மஞ்சள் 200, வெள்ளை 400 என்ற கணக்கில் தோட்டம் வெளுத்துப்போகும். இரண்டாவது முறை எண் எடுக்கும்போது மஞ்சளுக்குக் கிடைப்பது மிச்சமிருக்கும் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து மூன்றில் ஒன்றுதான். எண்ணை ஒரே முறை எடுத்து வேரியபிளில் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். ஆனால் திருத்துவதற்கு முன், ஏன் வெள்ளை மட்டும் இவ்வளவு என்று குழந்தையை யோசிக்க விடுங்கள். நிகழ்தகவுகளைப் பெருக்குவதை இதைவிட அழகாகக் காட்டும் படம் எனக்குத் தெரியாது.

ஸ்க்ராட்சிலிருந்து பி5.ஜேஎஸ் (பிளாக்குகளுக்குப் பதில் ஜாவாஸ்கிரிப்ட் வரிகளைத் தட்டச்சு செய்து படம் வரையும் கருவி) பக்கம் போகும் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்க்ராட்சில் 1 முதல் 6 என்றால் ஆறும் சேர்த்தி. பி5-ல் தசம எண் வரும், 6 வராது. அதை முழு எண்ணாக ரவுண்ட் செய்தால் பகடையின் 1-க்கும் 6-க்கும் தலா 10 சதவீதம், நடுவில் உள்ள நான்கு எண்களுக்கும் தலா 20 சதவீதம் என்றாகிவிடும். முடிவுகளைப் பட்டை வரைபடமாகத் திரையில் வரையச் சொன்னால் இரண்டு ஓரமும் குட்டையாக நிற்பது பளிச்சென்று தெரியும்.

எல்லாவற்றையும் சமவாய்ப்பு என்று வைத்துக்கொள்வதும் தவறுதான். கட்டை கிடைக்காத வீடுகளில் சோழியிலோ, ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையிலோ தாயம் ஆடுவார்கள். சோழியின் வாய்ப்பக்கமும் முதுகுப்பக்கமும் ஒரே வடிவம் இல்லை. ஆகவே நாணயம் போலப் பாதிக்குப் பாதி என்று எழுதுவதற்கு ஆதாரம் கிடையாது. இங்கே கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டுத் தரையில் உட்கார வேண்டியதுதான். ஒரு சோழியை 200 முறை போட்டு, எத்தனை முறை வாய் மேலே பார்த்து விழுந்தது என்று கோடு போட்டு எண்ணுங்கள். குழந்தை எண்ணிச் சொல்லும் அந்த எண்ணைத்தான் நிரலுக்குள் போட வேண்டும். இப்போது அண்ணன் மகள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். அம்மா சோழியைப் போட, அவள் நோட்டில் கோடு போடுகிறாள்.