எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று கேட்பதற்கு முன்

போன மாதம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "ஆன் பண்ணிட்டுப் போய்க் குளிச்சிட்டே வந்துடலாம்டா, அவ்வளவு ஸ்லோ. எந்த ஆன்டிவைரஸ் நல்லதுன்னு சொல்லு, புதுசா ஒண்ணு வாங்கிடறேன்."

திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பவை தெரியும். சித்தப்பாவின் லேப்டாப்பில் அங்கே இரண்டு ஆன்டிவைரஸ்களின் கேடயச் சின்னங்கள் இருந்தன. ஒன்று லேப்டாப்போடு வந்த ட்ரையல். காலாவதியாகி எட்டு மாதம் ஆகியும் "உடனே புதுப்பிக்கவும்" என்று தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று, வாங்கிய கடையில் "இது போடலைன்னா வாரண்டி செல்லாது சார்" என்று பயமுறுத்தித் தலையில் கட்டியது. அட்டைப்பெட்டி, உள்ளே ஒரு சிடி, சுரண்டிப் பார்க்கிற கீ. அந்த லேப்டாப்பில் சிடி போடுகிற இடமே கிடையாது! வாரண்டிக்கும் ஆன்டிவைரஸுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாவதாக ஒன்று வாங்கத்தான் என்னிடம் யோசனை கேட்டார்.

நம் வீடுகளில் ஆன்டிவைரஸ் வாங்கும் கதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தால் வைரஸ்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். 4 ஜிபி ராமும் பழைய ஹார்டு டிஸ்க்கும் இருக்கிற இயந்திரம் வைரஸே இல்லாமலும் நொண்டும். அதன் மேல் இன்னொரு ஆன்டிவைரஸைப் போட்டால் இன்னும் மெதுவாகும். வேகம் வேண்டுமென்றால் அந்தக் காசுக்கு மேல் கொஞ்சம் போட்டு, பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி ஒன்றை மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது, ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்ற நினைப்பு. ஆன்டிவைரஸ் சும்மா ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதில்லை. நீங்கள் ஒவ்வொரு ஃபைலைத் திறக்கும்போதும் நடுவில் வந்து நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். இரண்டு இருந்தால் ஒரே ஃபைலை இரண்டும் பிடித்து இழுக்கும். ஒன்று பிடித்து அடைத்து வைத்ததை இன்னொன்று வைரஸ் என்று கூவும். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்குமா? புதியதைப் போடுவதற்கு முன் பழையதை முறையாக நீக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் இருக்கும் படத்தை அழிப்பது நீக்குவது ஆகாது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்படியும் போகாமல் ஒட்டிக்கொண்டிருப்பவை உண்டு. அதற்கென்றே பல நிறுவனங்கள் தனியாக ஒரு நீக்கும் கருவியைத் தங்கள் தளத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன.

ஆன்டிவைரஸுக்கு நாம் கொடுக்கும் அதிகாரம் சாதாரணமானதல்ல. பீரோ சாவி வரைக்கும் அதன் கையில் இருக்கிறது. 2010 ஏப்ரல் 21-ஆம் தேதி மெக்கஃபி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் வெளியிட்ட ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த ஃபைலான எஸ்விசிஹோஸ்ட்டையே வைரஸ் என்று நினைத்துப் பிடித்தது. உலகம் முழுக்க அலுவலகக் கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஓர் அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. அது வீடுகளுக்கான மென்பொருள் இல்லைதான். ஆனாலும் இவ்வளவு ஆழத்தில் உட்கார வைக்கிற ஒன்றை யாரோ சொன்னார்கள் என்று போடக் கூடாது என்பதற்கு அந்த ஒரு நாள் போதும்.

சரி, எதைப் போடுவது? அதற்கு முன், ஏற்கெனவே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? பலர் பார்ப்பதில்லை. எக்ஸ்பி காலத்தில் ஆன்டிவைரஸைத் தனியாகத்தான் போட வேண்டியிருந்தது. 2009-இல் மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இலிருந்து டிஃபெண்டர் என்ற பெயரில் முழு ஆன்டிவைரஸே விண்டோஸுக்குள் வந்துவிட்டது. வேறு ஒன்றை நிறுவினால் அது மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டால் திரும்ப வந்து வேலையைத் தொடங்கும். ஸ்டார்ட் மெனுவில் "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று தேடித் திறந்து, அதன் செட்டிங்ஸில் "மேனேஜ் ப்ரொவைடர்ஸ்" என்பதைப் பாருங்கள். உங்கள் வீட்டில் காவலுக்கு நிற்பது யார் என்று அங்கே பெயரோடு இருக்கும்.

டிஃபெண்டரை ஒரு காலத்தில் எல்லாரும் கிண்டல் செய்தோம், நானும்தான். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் இருக்கும் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய சோதனைக்கூடங்களின் பட்டியல்களில் காசு கொடுத்து வாங்குகிறவற்றின் பக்கத்திலேயே அதுவும் நிற்கிறது. ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று மூன்றுக்கும் ஆளுக்கு 6 மதிப்பெண் கொடுக்கும். பயன்பாடு என்பது அழகு பார்ப்பதற்கல்ல. நல்ல ஃபைலை எத்தனை முறை தவறாகப் பிடித்தது என்பது அதில்தான் வரும். வாங்குவதற்கு முன் இந்த இரண்டு கூடங்களின் முடிவுகளைப் பாருங்கள். "இந்த ஆண்டின் சிறந்த 10" வகைப் பட்டியல்கள் பல, நீங்கள் அங்கிருந்து போய் வாங்கினால் கமிஷன் பெறுகிறவை. அப்புறம், நார்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா என்று நான்கையும் ஒப்பிட்டு மண்டையைப் பிய்த்துக்கொள்ளவும் வேண்டாம். நான்கும் இப்போது ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கடைகள்.

அப்படியானால் யாருமே வாங்கத் தேவையில்லையா? அப்படியும் இல்லை. டிஃபெண்டர் நிறைய விஷயங்களை இணையத்தில் கேட்டுத்தான் முடிவெடுக்கும். நெட் இல்லாத நேரத்தில் அதன் பிடி கொஞ்சம் தளரும். டிடிபி வேலை, ஸ்டுடியோ வேலை, நாளுக்கு நான்கு பென் டிரைவ் மாறி மாறிச் செருகுகிற வீடு என்றால் காசு கொடுத்து ஒன்று வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்து வாங்கிய பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஒரு சின்ன அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக மாறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உண்மையான ஃபோல்டர் மறைக்கப்பட்டிருக்கும். நீங்கள் அழுத்துவது வைரஸை. இந்த ரகங்களோடு பல வருஷமாகப் பழகியவை நம் ஊர் நிறுவனங்கள். சென்னையில் 1991-இல் தொடங்கிய கே7, புனேயின் குவிக் ஹீல் இரண்டையும் மேலே சொன்ன சோதனை முடிவுகளோடு வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

இலவசம் என்றால் எதையும் போட்டுவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு. அவாஸ்ட் கதையைத் தெரிந்துகொண்டு போடுங்கள். அதைப் பயன்படுத்தியவர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரம் ஜம்ப்ஷாட் என்ற அதன் துணை நிறுவனம் வழியாக விற்கப்பட்டது. 2020 ஜனவரியில் செய்தி வெளியானதும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-இல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் அவாஸ்ட்டை 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது, விளம்பரத்துக்காக அந்த விவரங்களை விற்கக் கூடாது என்றும் தடை போட்டது. உளவு பார்ப்பவர்களிடமிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டே செய்த வேலை இது. எந்த இலவசத்தைப் போட்டாலும், நிறுவும்போது "டேட்டா ஷேரிங்" என்று வரும் டிக்குகளை எடுத்துவிடுங்கள். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் பிரவுசர், விபிஎன், "பிசி கிளீனர்" எதையும் ஏற்க வேண்டாம்.

இதைவிட மோசம் கிராக், அதாவது காசு கொடுக்காமல் மென்பொருளின் பூட்டை உடைத்துப் பயன்படுத்துவது. நண்பர்கள் குழுவில் யாரோ அனுப்பிய "லைஃப்டைம் கீ" போட்ட ஆன்டிவைரஸ். திருட்டுப் பூட்டை வாங்கி வாசலில் மாட்டுவது மாதிரி. கிராக் ஃபைலோடு வரும் குறிப்பைப் படித்தால் முதல் வரியே "முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்" என்றுதான் இருக்கும். விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப் எதற்கான கிராக்காக இருந்தாலும் இதே கதை. ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று அழைக்கப்படும் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) குடும்பம் வீட்டுக் கணினிகளுக்குள் பெரும்பாலும் இந்த வழியில்தான் நுழைந்தது. கல்யாண ஆல்பம், குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ என்று எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கெழுத்து ஒட்டியிருக்கும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு "ரீட்மீ" கிடக்கும். அதில் பேரம்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை, 490. கொடுத்தாலும் திரும்பி வரும் என்று உத்தரவாதம் இல்லை. இந்த இடத்தில் எந்த ஆன்டிவைரஸையும் குறை சொல்ல முடியாது, வாயிலைத் திறந்துவிட்டது நாம். போட்டோக்களை ஒரு தனி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, எடுத்த கையோடு அதைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தால் அன்றைக்கு அழ வேண்டியதில்லை. செருகியபடியே விட்டால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

திரை முழுக்க நீல நிறம், சைரன் சத்தம், "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று ஒன்று வரும். பதறிப்போய் அங்கேயே ஆன்டிவைரஸ் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் வலைப்பக்கம். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. எஸ்கேப் விசையைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது "ரீஸ்டோர்" கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அழைத்தால் எதிர்முனையில் இருப்பவர் ரிமோட் ஆப் ஒன்றைப் போடச் சொல்வார், அதன் பிறகு உங்கள் மவுஸ் அவர் கையில். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு இதில் ஒரு சின்ன வகை இருந்தது. நாளுக்குப் பத்து முறை மூலையில் "வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது" என்று எட்டிப் பார்த்தது. ஜோசியம் பார்க்கப் போன ஏதோ தளத்தில் நோட்டிஃபிகேஷனுக்கு "அலவ்" கொடுத்திருக்கிறார். குரோமின் சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் பெயர் தெரியாத மூன்று தளங்கள் இருந்தன. நீக்கியதும் மூலை அமைதியானது.

விலை விஷயத்தில் ஒன்றே ஒன்று. பெட்டி மேல் பெரிதாக இருப்பது முதல் வருஷ விலை. இரண்டாம் வருஷம் அது இரண்டு மடங்கைத் தாண்டுவதும் உண்டு. கார்டு கொடுத்து வாங்கும்போது தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படிப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வங்கி தகவல் அனுப்ப வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

நல்ல ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்று விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடுவது எனக்கு மிகவும் எரிச்சலூட்டுகிற தவறு. 2017 மே 12-இல் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டியதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. இரண்டு மாதம் ஆகியும் பலர் போடவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் இன்னும் வந்துகொண்டிருப்பதால் பலர் கவலைப்படாமல் இருக்கிறார்கள். பட்டியல் வரும், ஆனால் ஓட்டை அடைபடாது. நீட்டித்த ஆதரவுக்குப் பதிவு செய்யுங்கள், முடிந்தால் 11-க்கு மாறுங்கள்.

போட்டது விழித்திருக்கிறதா என்று சந்தேகமா? ஐகார் என்ற அமைப்பின் தளத்தில் 68 எழுத்துகள் கொண்ட ஒரு சோதனை ஃபைல் இருக்கிறது. எந்தத் தீங்கும் செய்யாது, ஆனால் ஆன்டிவைரஸ்கள் அதை வைரஸாகப் பாவித்துப் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. டவுன்லோடு செய்யும்போதே அலறினால் சரி.

சித்தப்பாவின் லேப்டாப்பில் இரண்டையும் நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, டிஃபெண்டரை வைத்து முழு ஸ்கேன் ஓடவிட்டேன். ஐகார் ஃபைலை உடனே பிடித்தது. அவருக்கு ஒரே சந்தோஷம், "இன்னொரு தடவை பண்ணு" என்றார். லேப்டாப் இப்போது காபி ஆறுவதற்குள் திறந்துவிடுகிறதாம். பெட்டியில் இருந்த சிடியைச் சித்தி மாடித் தோட்டத்தில் தக்காளிச் செடிக்கு மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். வெயிலில் அது பளபளவென்று சுற்றுவதால் காக்கா வருவதில்லையாம்.